காலைத் தும்மலுக்கு ஏர் பியூரிஃபையர் உதவுமா?

கேள்வி:
வணக்கம். சென்னையில் கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறோம். எட்டு வயது மகனுக்குக் காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது. பள்ளிக்குக் கிளம்புவதற்குள் அதுவே அடங்கிவிடுகிறது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளால் ஏற்படும் ஒவ்வாமை என்று தோல் பரிசோதனையில் தெரியவந்தது. அவன் படுப்பது என் மாமியார் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில். அதை அவ்வப்போது மொட்டைமாடியில் காயவைத்தும் பயனில்லை. ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

பதில்:
அந்தப் பணத்தைப் படுக்கைக்குச் செலவிடுங்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அந்தப் பூச்சிகளின் எச்சத்தில் உள்ள புரதம். எச்சத் துகள்கள் கனமானவை என்பதால், படுக்கையை உதறும்போது மேலெழுந்தாலும் சிறிது நேரத்தில் கீழே படிந்துவிடும். காற்றில் மிதப்பதை மட்டுமே இழுக்கும் கருவிக்கு அவை அதிகம் சிக்குவதில்லை. பிள்ளையோ இரவு முழுவதும் தலையணையில் முகம் புதைத்து மூச்சு விடுகிறான். மெத்தையையும் தலையணையையும் முழுவதுமாக மூடும், நெருக்கமாக நெய்யப்பட்ட ஜிப் உறைகளை வாங்கிப் போடுங்கள். ரப்பர் ஷீட் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் குழந்தை தூங்காது. விரிப்புகளையும் மேலுறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் எச்சம் பெருமளவு போய்விடும், ஆனால் பூச்சிகள் சாவதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மெத்தையைப் பிரித்துப் புதுப் பஞ்சு அடைத்தால் போதும் என்கிறார் மாமியார். வெயிலில் பூச்சிகள் செத்துவிடாதா?

மற்றொரு பதில்:
கடும் வெயிலில் மேற்பரப்பில் உள்ளவை சாகும். தடித்த மெத்தையின் நடுப்பகுதி அந்த அளவுக்குச் சூடாவதில்லை. செத்தாலும் எச்சம் உள்ளேயே இருப்பதால் தும்மல் நிற்காது. இந்தப் பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் உலர்ந்து மடியும். கடலோரத்தில் அது எளிதன்று என்பதால் புதுப் பஞ்சிலும் நாளடைவில் குடியேறிவிடும். உறை போட்டுவிட்டால் பழைய மெத்தையையே வைத்துக்கொள்ளலாம், மாமியாருக்கும் மனத்தாங்கல் இராது. மெத்தையைத் தட்டும்போது மகன் அருகில் இருக்க வேண்டாம்; தட்டுபவர் முகக்கவசம் அணியட்டும். அவனது அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். துவைக்க முடியாத பொம்மைகளைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, பிறகு வெளியில் நன்றாக உதறுங்கள். கொசுவத்திப் புகையையும் நிறுத்திப் பாருங்கள். அது ஒவ்வாமைப் பொருள் அன்று, ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூக்கை மேலும் எரிச்சலூட்டும். இரவில் இருமலோ இழுப்போ இருந்தால் மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.