அட்டாச்மென்ட்: ‘ஒட்டுதல்’ ஏன் பொருந்தாது?

குழுவினருக்கு வணக்கம்.

குழந்தை உளவியல் கலைச்சொல் பட்டியலில், குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் உறவைக் குறிக்கும் அட்டாச்மென்டுக்கு ‘ஒட்டுதல்’ என்று போட்டிருக்கிறோம். ‘இணைப்பு’ மின்னஞ்சலுக்குப் போய்விட்டது, ‘பிணைப்பு’ வேதியியலில் குடியேறிவிட்டது, எனவே இது என்ற காரணம் புரிகிறது. ‘பிள்ளை பாட்டிகிட்டதான் ஒட்டுதல்’ என்று வீட்டில் புழங்கும் சொல்லும் அதுதான். இருந்தும் இதை ஏற்க வேண்டாம் என்கிறேன். காரணம் சோதனை அறைக்குள் இருக்கிறது.

குழந்தையின் அட்டாச்மென்ட் எந்த வகை என்று பார்க்கும் ‘ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்’ சோதனை, உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் பால்டிமோரில் வடிவமைத்து, 1978இல் நூலாக விரிவாக வெளியிட்ட முறை. 12 முதல் 18 மாதக் குழந்தை, தாய், முன்பின் தெரியாத ஒரு பெண், தரையில் பொம்மைகள். மொத்தம் 8 கட்டங்கள். அறையைக் காட்டிவிட்டு வரும் முதல் கட்டம் சில நொடிகள்தான். மற்றவை 3 நிமிடம். தாயோடு விளையாட்டு, புதியவர் வருகிறார், முதல் நிமிடம் பேசாமல் இருக்கிறார், அடுத்த நிமிடம் தாயிடம் பேசுகிறார், மூன்றாவது நிமிடம் குழந்தையை நெருங்குகிறார். தாய் போகிறார், திரும்புகிறார். பிறகு குழந்தை தனியே. மறுபடி புதியவர். கடைசியில் தாய். குழந்தை தாங்காமல் அழுதால் பிரிவுக் கட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும்.

வகைப்படுத்துவோர் முக்கியமாகப் பார்ப்பது தாய் திரும்பும் 5ஆம், 8ஆம் கட்டங்களை. நெருங்கி வருதல், தொடுகையை விடாமல் வைத்திருத்தல், தவிர்த்தல், எதிர்த்தல் என்ற நான்குக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். புதிதாகப் பயில்வோர் சறுக்குவது இங்கேதான்: தாய் போனபோது எவ்வளவு அழுதது என்று கணக்கெடுப்பார்கள். அழாத குழந்தையும் ‘செக்யூர்’ எனப்படும் பி வகையாகலாம், வீறிட்ட குழந்தையும் பி வகையாகலாம். திரும்பி வந்தவரைக் குழந்தை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது, ஆறுதல் பெற்றுப் பொம்மைக்குத் திரும்பியதா என்பதே கேள்வி.

இப்போது தாயைத் தவிர்க்கும் ஏ வகைக் குழந்தையைக் கவனியுங்கள். கதவு திறக்கிறது. குழந்தை ஒரு கணம் நிமிர்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கையிலிருக்கும் கட்டையை உருட்டுகிறது. தாய் தூக்கினால் உடலைத் தளர்த்திக் கீழே இறங்கப் பார்க்கிறது. பார்ப்பவர் ‘ஒட்டுதலே இல்லை’ என்பார். 1977இல் ஆய்வாளர்கள் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தபோது, சலனமில்லாமல் விளையாடுவதுபோலத் தெரிந்த இந்தக் குழந்தைகளுக்கும் துடிப்பு ஏறியிருந்தது. உறவு இருக்கிறது, வெளியே காட்டாமல் இருக்கப் பழகியிருக்கிறது.

நெருங்கவும் எதிர்க்கவும் செய்யும் சி வகையோ நேர்மாறு. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. எடுத்ததும் முதுகை வில்லாக வளைத்து உதைக்கிறது. இறக்கினால் மறுபடி காலைக் கட்டிக்கொள்கிறது. ‘ரொம்ப ஒட்டுதல்’ என்பார்கள். அதுவும் தவறு. ஒட்டுதல் கண்ணுக்குத் தெரியும் நடத்தையைச் சொல்கிறது, கூட, குறைய என்று அளக்கவும் வைக்கிறது. எய்ன்ஸ்வொர்த் செய்த பெரிய காரியமே இந்த அளவுக் கேள்வியைத் தள்ளிவிட்டுத் தன்மைக் கேள்வியைக் கேட்டதுதான்.

என் பரிந்துரை ‘பற்று’. குழந்தை பற்றுகிறது என்று வினையாகவும் வரும், யார் யாரை என்ற திசையும் அதில் இருக்கிறது.

---

> என் பரிந்துரை ‘பற்று’.

ஐயா, ஒட்டுதலை விலக்க நீங்கள் சொன்ன காரணம் முழுக்க ஏற்புடையது. ஆனால் அதே காரணம் பற்றையும் விலக்குகிறதே. ‘மொழிப்பற்று மிக்கவர்’ என்கிறோம், ‘பற்றுக் குறைந்துவிட்டது’ என்கிறோம். இதுவும் அளக்கிற சொல்தான். கூடவே துறவின் நிழல்: தமிழில் பற்று என்றதும் அறுக்க வேண்டியது என்ற எண்ணம் வந்துவிடும். ஒரு தாய்க்கு எழுதும் கையேட்டில் அது நிற்குமா?

அடைமொழிகளுக்கும் இதே கவனம் தேவை. செக்யூர் என்பதை ‘உறுதியான’ என்று பெயர்த்தால் அளவு பின்வாசலால் நுழைகிறது. ‘பாதுகாப்பான’ என்றால் குழந்தைக்கு ஆபத்தில்லை என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். குழந்தையிடம் இருப்பது, கூப்பிட்டால் வருவார் என்ற நம்பிக்கை. ‘நம்பிக்கை’யையே வைக்கலாம்.

பின்னர் சேர்ந்த நான்காவது வகையான டிக்குப் பட்டியலில் உள்ள ‘ஒழுங்கற்ற’ கட்டாயம் போக வேண்டும். ‘ஒழுங்கில்லாத பிள்ளை’ நம் ஊரில் வசைச்சொல். மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1986இல் முன்வைத்து, 1990இல் குறியிடும் வழியை விரித்துச் சொன்ன இந்த வகையில் குழந்தை குறும்பு செய்வதில்லை. தாயை நோக்கி நடந்து, பாதியில் உறைந்து நிற்கும். தலையை அப்பால் திருப்பிக்கொண்டே நெருங்கும். தாயைப் பார்த்ததும் கையை வாய்க்குக் கொண்டுபோய் அப்படியே வைத்திருக்கும். அணுகுவதா விலகுவதா என்ற வழிமுறை அந்தச் சில நொடிகள் குலைகிறது. 9 புள்ளி அளவில் 5க்கு மேல் போனால் டி. அதோடு ஏ, பி, சியில் மிக அருகில் வரும் வகையையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘குலைந்த’ என்பது இதற்குச் சரியாக அமையும். இது நோயின் பெயரும் அல்ல, கொடுமைக்குச் சான்றும் அல்ல. தனிக் குழந்தையைப் பற்றி முடிவெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017இல் துறையினர் பலர் கூட்டாகவே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று: அடைமொழி குழந்தைமேல் ஏறக் கூடாது. ஒரே குழந்தை தாயிடம் பி ஆகவும் தந்தையிடம் ஏ ஆகவும் வரலாம். சி வகை வந்தால் ‘இருமனக் குழந்தை’ என்று எழுத இடம் கொடுக்காத சொல்லமைப்பு வேண்டும்.

---

> அடைமொழி குழந்தைமேல் ஏறக் கூடாது.

இந்த ஒரு வரி என் பரிந்துரையைத் திருத்திவிட்டது. ‘பற்றுறவு’ என்று வைத்தால்? உறவு எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை; எப்படி இருக்கிறது என்றுதான் கேட்போம். இருவருக்கு இடையில் உள்ளது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. துறவு நிழலும் உறவு சேர்ந்ததும் மங்குகிறது. ஏ: விலகல் பற்றுறவு. பி: நம்பிக்கைப் பற்றுறவு. சி: இருமனப் பற்றுறவு. டி: குலைந்த பற்றுறவு. சிக்கு ‘முரண்டு’ என்ற நல்ல வீட்டுச் சொல் உண்டு, ஆனால் அது குழந்தையைக் குற்றம் சொல்கிறது.

பற்று என்ற வேரை விடாமல் இருக்க இன்னொரு காரணம் இருக்கிறது. குழந்தை அறையைச் சுற்றி வரும்போது தாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவர் இருக்கும் துணிவில் இன்னும் தள்ளிப் போகிறதே, அந்தத் தாய்க்குப் பட்டியலில் ‘பாதுகாப்புத் தளம்’ என்று இருக்கிறது. ராணுவ முகாம் போல ஒலிக்கிறது. நம்மிடம் ‘பற்றுக்கோடு’ ஆயத்தமாக இருக்கிறது. பயந்தபோது ஓடி வந்து சேரும் இடம் ‘புகலிடம்’. இரண்டும் ஒன்றல்ல, கலக்கக் கூடாது.

தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைப் பற்றுறவு என்று எழுதக் கூடாது, அது ‘பேணல்’. தாயானாலும் தந்தையானாலும் பாட்டியானாலும் ‘பேணுநர்’.

சோதனையின் பெயரில் உள்ள ‘விசித்திரச் சூழல்’ பிழை. அங்கே விசித்திரம் எதுவும் நடப்பதில்லை, இடமும் ஆளும் புதிது, அவ்வளவே. ‘புதுச்சூழல் முறை’ போதும். எவ்வளவு புதிது என்பது வளர்ப்பைப் பொறுத்தது. 1980களில் ஜப்பானின் சப்போரோவில் தாயைப் பிரிந்தே பழகாத குழந்தைகளுக்கு இதே முறையை வைத்தபோது பலர் அளவுக்கு மீறிக் கலங்கினார்கள், சி வகை கூடுதலாக வந்தது. எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளை 1988இல் வான் ஐசன்டோர்னும் குரோனன்பெர்க்கும் சேர்த்துப் பார்த்தபோது, நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கூட்டுக் குடும்பத்தில் நாலு கை மாறி வளரும் நம் குழந்தைக்கு இதை நடத்துவோர், புதியவராக வருபவர் உண்மையிலேயே புதியவர்தானா, 3 நிமிடம் தனிமை அதற்கு எத்தனை பெரிய சுமை என்று முன்பே விசாரித்துவிட வேண்டும். இதைப் பட்டியலின் விளக்கக் குறிப்பில் சேர்க்கலாம்.

‘ஒட்டுதல்’ சொல்லையும் வீணாக்க வேண்டாம். தொடுகையை விடாமல் வைத்திருத்தல் என்ற அந்த 1 முதல் 7 வரையிலான அளவைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அங்கே கூட, குறைய என்று அளக்கத்தான் வேண்டும். திருத்திய பட்டியலை இந்த வாரம் அனுப்புகிறேன். ‘இருமன’த்துக்கு வேறு சொல் தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.