பார்டர் கோலி: ஒரு காது நிற்கிறது, ஒரு காது மடிகிறது

ஜெலுத்தோங் மணி:
அண்ணன்மார்களே, வீட்டில் பதினோரு மாத ஆண் பார்டர் கோலி (ஆடு மேய்க்கும் நாய் இனம்) இருக்கிறான், பெயர் வீரன். தோள் உயரம் 52 சென்டிமீட்டர். சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்தேன். இடக் காது கோபுரம் மாதிரி நிற்கிறது, வலக் காது பாதியில் மடிந்து தொங்குகிறது. நாய் ஷோவுக்குக் கொண்டுபோக ஆசை. நாய் வளர்க்கும் ஒருவர், "காதே சரியில்லை, மறந்துடு" என்றார். அதுகூடப் பரவாயில்லை. அக்கா பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினால் தலையைத் தாழ்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலை மாதிரி நின்று முறைக்கிறான். என் வீட்டுக்காரி, "இது நாயா, பூனையா?" என்கிறாள். குணக்கேடா இது?

தண்ணீர்மலை செல்வா:
தம்பி, காதை விடுங்கள். நம் மலேசிய கென்னல் சங்கம் (எம்.கே.ஏ.) அங்கம் வகிக்கும் உலக நாய்ச் சங்கமான எஃப்.சி.ஐ., இந்த இனத்துக்கு வைத்திருக்கும் 297ஆம் எண் தர விதியில் நிமிர்ந்த காதும் சரி, பாதி மடிந்ததும் சரி. அமெரிக்க கென்னல் கிளப் இன்னும் தாராளம்: ஒன்று நின்று ஒன்று மடிந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. ஆணுக்கு 53 சென்டிமீட்டர் என்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு யாரும் அழ மாட்டார்கள். நிறம் பலவிதமாக இருக்கலாம், வெள்ளை மட்டும் மேலோங்கக் கூடாது.

அந்த முறைப்புதான் இந்த இனத்தின் சொத்து. ஆடு மேய்ப்பவர்கள் அதைக் 'கண்' என்றே சொல்வார்கள். 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய், சத்தமில்லாமல் பார்வையாலேயே ஆட்டை நகர்த்துமாம். இன்றைய பார்டர் கோலிகள் அநேகமாக அதன் வம்சம்தான். வீரனுக்கு ஆடு கிடைக்கவில்லை, சைக்கிள் கிடைத்தது! ஆனால் சக்கரத்தைக் கவ்வப் பாய்ந்தால் அன்றைக்கே நீளக் கயிறு கட்டிப் பழக்குங்கள். ஷோவில் வெளியே அனுப்புவது மூர்க்கத்தையும் மிஞ்சிய பயத்தையும்தான்.

பாயான் லெப்பாஸ் கவிதா:
செல்வா அண்ணன் சொன்ன கடைசி வரி எனக்கு நடந்தது. என் பெண் நாய்க்குக் கழுத்தில் வெள்ளை வளையம், அப்படி ஓர் அழகு. நடுவர் பல்லைப் பார்க்கக் கை நீட்டினார். வயிறு தரையில் உரச என் காலுக்கிடையில் புகுந்துகொண்டாள். தீபாவளி வெடிக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பயம். மணி அண்ணே, தெரியாத ஆட்கள் பல்லைத் தொட்டுப் பார்க்க இப்போதே பழக்குங்கள். அப்புறம், நம் வெயிலில் அந்த இரண்டடுக்கு முடியோடு மத்தியானப் பயிற்சி வேண்டவே வேண்டாம். காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

தண்ணீர்மலை செல்வா:
வாலையும் கவனியுங்கள். குஷியில் தூக்கலாம், முதுகின் மேல் வரக் கூடாது.

ஜெலுத்தோங் மணி:
பார்த்தேன் அண்ணே, வால் கீழேதான். இன்று பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் பல்லைத் தொட்டார், கையை நக்கினான். சாயந்திரம் ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தார். இவன் கேட்டுக்குப் பின்னால் பதுங்கி ஒரு பார்வை பார்த்தான். மனுஷர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "தம்பி, நான் போகலாமா?" என்று என்னைக் கேட்கிறார்.