நாலாம் பக்கத்தின் கடைசி வரி

1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு ராமநாதபுரத்தில் ஓர் அச்சாபீசில் சேர்ந்தேன். இருபது வருடம் அங்கேதான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கந்தூரி நோட்டீஸ், கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் எங்களுக்குச் சோறு போட்டன. ஆனால் முதலாளி உயிரையே வைத்திருந்தது சனிக்கிழமைதோறும் நாங்கள் கொண்டுவந்த நாலு பக்க வாரப் பத்திரிகை மேல். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கரையோர ஊர்களுக்குக் கட்டுக்கட்டாக பஸ்ஸில் போகும். பாம்பன், ராமேசுவரத்துக்கு ரயிலில் போகும். 1988-ல் ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் தீவுக்கு ரயிலை விட்டால் தோணிதானே.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளைக் கோர்த்துப் பக்கம் ஆக்குபவர். ஊருக்கெல்லாம் பாய், எனக்கு மாமா. முதல் ஆறு மாதம் என்னை எழுத்துக் கோர்க்கவே விடவில்லை. ஓட்டி முடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தந்த அறையில் போடுவதுதான் என் வேலை. நாலு பக்கத்துக்கும் காணும் அளவு எழுத்து எங்களிடம் கிடையாது. உள்பக்கம் இரண்டையும் ஓட்டிவிட்டு, பிரித்துப் போட்டு, அதே எழுத்தை வைத்துத்தான் முதல் பக்கமும் நாலாம் பக்கமும் கோர்க்க வேண்டும். ணகர அறையில் ஒரு னகரம் விழுந்துவிட்டால் போதும், இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும். "பேரு தப்பா வந்தா ஆளே வேறயாப் போயிருவான் மருமகனே" என்பார் மாமா. ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும். கட்டைவிரலால் அதைத் தடவியே எழுத்து சரியாக நிற்கிறதா என்று கண்டுகொள்வார். கரண்ட் போன ராத்திரியிலும் அவர் கை நின்றதில்லை.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் தொடங்கிவைத்ததை எம்.ஜி.ஆர். அரசு எல்லோருக்கும் பொதுவாக்கியது. மொத்தம் 13 எழுத்து மாறியது. துதிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் அதுவரை ஒற்றை ஈயத்துண்டாக இருந்தவை. இனிமேல் லகரத்துக்கு முன்னால் தனியாக ஐகாரக் கொம்பு வைத்துக் கோர்க்க வேண்டும். கொம்பு எழுத்து எங்களிடம் கொஞ்சம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானமே அந்த அறை காலியாகிவிடும். 'இல்லை', 'விலை', 'வலை' என்று வருகிற வார்த்தைகளைப் பார்த்து மாமா பெருமூச்சு விடுவார். மதுரையிலிருந்து புது எழுத்து எடை போட்டு வாங்கி வருகிற வரைக்கும் சில வாரம் பழையதும் புதியதும் கலந்தே வந்தது. அந்த இதழ்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு மாமாவின் விரல்கள்தான் கண்முன் வருகின்றன.

உப்புக்காற்று இரும்பைத் தின்றது. கோடையில் ரோலர் இளகிவிடும். இதெல்லாம் எங்கும் உள்ள கஷ்டம்தான், விடுங்கள்.

1964 இதழ் ஒன்றை மாமா தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு அடுத்து வந்த இதழ். ரயிலோடு போனவர்கள், கரையில் இருந்து காணாமல் போனவர்கள் என்று உறவுக்காரர்கள் வந்து சொல்லச் சொல்லக் கோர்த்த பெயர்கள், இரண்டு பத்தி. தலைப்பைத் தவிர வேறு வர்ணனையே கிடையாது. அந்த இரண்டு பத்திக்கு மட்டும் பிழை பார்க்க மூன்று தடவை புரூப் எடுத்ததாகச் சொன்னார்.

அது எதற்கு என்று எனக்கு விளங்கியது 1992-ல். மண்டபம் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் உள்ளங்கையளவு பத்திரிகைத் துண்டு. 'காணவில்லை' அறிவிப்பு. 1984 கார்த்திகையில் வல்லத்தில் (படகில்) கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. ஏழு வருடம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று அப்போதைய சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவில் இருந்தது. ஆனால் அந்த ஏழு வருடம் எப்போது தொடங்கியது என்பதற்கு அவரிடம் இருந்தது இந்தத் துண்டு மட்டும்தான். ஓர் அலுவலகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "தேதி இல்லைங்கிறாக, எந்தப் பத்திரிகைன்னு தெரியலைங்கிறாக" என்றார். அழவில்லை. அதை எத்தனையோ தடவை எத்தனையோ பேரிடம் சொன்ன குரல்.

முதலாளி எதுவும் பேசாமல் பரணுக்கு ஏணி போட்டார். 1984 பைண்டிங்கில் ஓரமெல்லாம் கரையான். தாள் தொட்டால் ஒடிந்தது. மாமா ஒரு பனையோலை நறுக்கை உள்ளே விட்டு ஒவ்வொரு தாளாகப் பெயர்த்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கிடைத்தது. நாலாம் பக்கம், கீழே இடது மூலை. எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எது அவுக பேரு?" என்று கேட்டார். மாமா காட்டினார். அக்கா விரலை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் விரல் பக்கத்தின் அடிக்கு நகர்ந்தது. "இது யாரு பேரு?"

"அது எங்க முதலாளி பேரு. அச்சடிச்ச ஆளு, அச்சாபீசு, ஊரு. ஒவ்வொரு இதழிலயும் போட்டாகணும். 1867-லேருந்து சட்டம்."

"இதத்தான் நான் வெட்டி எறிஞ்சுட்டேனா" என்றார்.

முழுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, முதலாளி கையெழுத்தும் முத்திரையும் போட்டு, கூடவே ஒரு கடிதமும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று அக்கா யாரிடமோ சொல்லியனுப்பியிருந்தார். அன்றைக்கு மாமா மாலைத் தொழுகைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பிப் போனது நினைவிருக்கிறது.

ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்ததும் பத்திரிகை நின்றது. ஈய எழுத்து எடைக்குப் போனது. நான் கேட்டு வாங்கிக்கொண்டது 11 வருட பைண்டிங்குகள். சென்னை ரோஜா முத்தையா நூலகம் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் பழைய அச்சுத் தாள்களைச் சேர்த்ததிலிருந்து வளர்ந்தது. கோட்டையூர் அந்தக் காலத்தில் நம் ராமநாதபுரம் மாவட்டம்தான். அப்படி ஓர் இடத்தில் இவற்றை ஒப்படைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் புயல் இதழ் என்னிடம் இல்லை. மாமா மௌத்தான பிறகு அந்த டிரங்குப் பெட்டி யார் கைக்குப் போனது என்று அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியவில்லை.

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது 1964 டிசம்பர் கடைசி வாரத் தேதி போட்ட நாலு பக்கத் தாள் கிடந்தால், எடைக்குப் போடாதீர்கள். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், ஒடிந்துவிடும். எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.