வாட்ஸ்அப்ல ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்திருக்கு, லிங்க்க தொடலாமா?

தென்காசிக்காரன்:
எங்க மச்சான் ஒரு ஃபைனான்ஸ்ல பர்சனல் லோன் எடுத்தாரு, வேலை போனதுக்கப்புறம் இஎம்ஐ நின்னுபோச்சு. நேத்து வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப், ஆன்லைன் ஆர்பிட்ரேஷன் ஹியரிங், அதாவது கோர்ட்டுக்குப் பதிலா நடுவர் ஒருத்தர் விசாரிப்பாராம், இந்த லிங்க்ல வரணும், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஏத்தணும்னு. அதே பிடிஎஃப் லோனுக்கு ரெஃபரன்ஸா கொடுத்த அவரோட பழைய ஆபீஸ் நண்பருக்கும் போயிருக்கு, மனுசன் உடைஞ்சு போயிட்டாரு. நெசமான நோட்டீஸா, திருட்டு லிங்க்கா? கண்டுக்காம விட்டுடலாமா?

கறுப்பு_கோட்டு:
விட்டுடாதீங்க. லோன் அக்ரிமென்ட்ல பொடி எழுத்துல ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கான்னு பாருங்க, இருந்தா இப்படி நோட்டீஸ் நெசமாவே வரும், போகலன்னா எக்ஸ்பார்ட்டியா, அதாவது உங்க தரப்ப கேக்காமலே, அவார்டு (நடுவர் தீர்ப்பு) போட்டுடுவாங்க, அத கோர்ட் தீர்ப்பு மாதிரியே நிறைவேத்தலாம். எதுத்துப் போக ஆர்பிட்ரேஷன் சட்டத்தோட செக்‌ஷன் 34ல 3 மாசம், கோர்ட் ஒத்துக்கிட்டா இன்னும் 30 நாள், அவ்ளோதான். நடுவர யாரு போட்டாங்கன்னும் பாருங்க, ஃபைனான்ஸே தன்னிஷ்டத்துக்கு போட்டிருந்தா முடிவுல ஆதாயம் இருக்கற தரப்பு தனியா நடுவர போடக்கூடாதுன்னு சொன்ன சுப்ரீம் கோர்ட்டோட 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்ப காட்டி முதல் பதில்லயே எழுத்துல ஆட்சேபம் போடுங்க. ரகசியத்துக்கு அதே சட்டத்துல 42ஏ இருக்கு, நடுவர், நடத்துற சென்டர், ரெண்டு தரப்பு யாரும் உள்ள நடக்கிறத வெளிய விடக்கூடாது.

சர்வர்ரூம்:
லிங்க்க தொடறதுக்கு முன்னாடி அக்ரிமென்ட்ல இருக்கற கஸ்டமர் கேர் நம்பருக்கு போன் போட்டு கேஸ் நம்பர சொல்லி கேளுங்க ப்ரோ. நோட்டீஸ்ல இருக்கற நம்பருக்கு போடாதீங்க, மோசடிக்காரன் அதுல தன் ஆள் நம்பரத்தான் போட்டிருப்பான். லாகினுக்கு ஓடிபி கேக்கறது சகஜம்தான், ஆனா மெசேஜ முழுசா படிங்க, டெபிட், யூபிஐன்னு இருந்தா அதோட நிறுத்திருங்க. ஏபிகே (ப்ளே ஸ்டோர்ல இல்லாம நேரா அனுப்புற ஆப் ஃபைல்) போடு, ஸ்க்ரீன் ஷேர் பண்ணுன்னா சந்தேகமே வேணாம், திருட்டுதான். வீடியோல ஜட்ஜ் உக்காந்திருந்தாலும் நம்பிடாதீங்க, 2024ல லூதியானா டெக்ஸ்டைல் முதலாளி ஒருத்தர்கிட்ட போலியா சுப்ரீம் கோர்ட் ஹியரிங்கே நடத்தி 7 கோடி அடிச்சாங்க. காசு போச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.

ஆதாருக்கு மாஸ்க்ட் காப்பி கொடுங்க, கடைசி 4 நம்பர்தான் தெரியும். ஸ்டேட்மென்ட்ல சம்பந்தமில்லாத வரிய மறைக்கணும்னா பிடிஎஃப் மேல கறுப்பு கட்டம் வச்சா பத்தாது, அடியில இருக்கற எழுத்த அப்படியே காப்பி பண்ணி எடுத்துடலாம். ப்ரின்ட் எடுத்து, மறைக்க வேண்டிய இடத்துல காகிதம் ஒட்டி, அப்புறம் ஸ்கேன் பண்ணுங்க.

தென்காசிக்காரன்:
நன்றி, இன்னைக்கே போன் போடுறோம். ஹியரிங்க நாங்க ரெக்கார்ட் பண்ணலாமா?

கறுப்பு_கோட்டு:
நடுவர்கிட்ட கேக்காம வேணாம். லைன்ல யார் யார் இருக்காங்க, அவங்க ரெக்கார்ட் பண்றாங்களா, ஃபைல் யார்கிட்ட இருக்கும்னு ஆரம்பத்துலயே கேட்டு, அத குறிப்புல எழுதச் சொல்லுங்க.

மீனா_அக்கா:
தம்பி, அந்த நண்பருக்கு அனுப்பினதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. கடன் வாங்கினவரோட குடும்பம், ரெஃபரன்ஸ் கொடுத்தவங்க, ஃப்ரெண்ட்ஸ் பிரைவசில தலையிடுற மாதிரி வசூல் ஆளுங்க எதுவும் செய்யக்கூடாதுன்னு ஆர்பிஐ 2022 ஆகஸ்ட்லயே சொல்லிருச்சு. தேதி, நேரம், நம்பர் தெரியற மாதிரி அவர்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் வாங்கி ஃபைனான்ஸோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா ஆர்பிஐ ஒம்பட்ஸ்மேனுக்கு (புகார் விசாரிக்கிற அதிகாரி) சிஎம்எஸ்ங்கற ஆர்பிஐ புகார் போர்ட்டல்ல போடலாம், ஃபீஸ் கிடையாது. இந்த புகார போட்டதால ஹியரிங் நிக்காது, அதுக்கு மச்சான் தனியா போயே ஆகணும்.