மருந்துக் காப்புரிமையை எதிர்க்கும் மனு: எதில் நிற்கிறது, எதில் விழுகிறது

காப்புரிமை முகவர், சென்னை:
எதிர்ப்பு மனுக்களில் முதல் சில பக்கம் பெரும்பாலும் மருந்தின் விலையைப் பற்றியே இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கண்ட்ரோலரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காப்புரிமை தருவதற்கு முன்பே எதிர்க்க வழிசெய்யும் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவில் எதிர்ப்புக்கு 11 காரணங்கள் உண்டு. விலை அதில் இல்லை.

மனுவைத் தாங்குவது க்ளெயிம் சார்ட்தான், அதாவது விண்ணப்பதாரர் தனக்கு உரிமை கோரும் வாசகத்தை (க்ளெயிம்) பழைய ஆவணத்தோடு ஒப்பிடும் அட்டவணை. முதல் க்ளெயிமை அம்சம் அம்சமாக உடைத்து இடப்பக்கம் எழுதுங்கள். அதே அம்சம் பழைய ஆவணத்தில் எந்தப் பக்கம், எந்த எடுத்துக்காட்டில் இருக்கிறது என்று வலப்பக்கம் எழுதுங்கள். அந்த ஆவணம் முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதிக்கு, முன்பே வெளியாகியிருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பிசிடி என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் வழியாக வரும் விண்ணப்பம் அந்தத் தேதியிலிருந்து 31 மாதம் வரை கழித்து இந்தியாவுக்குள் நுழையலாம். நுழைந்த தேதியை வைத்துத் தேடினால், தேடி எடுத்த ஆவணங்களில் பல செல்லாமல் போகும்.

மருந்தியல் ஆசிரியர், மதுரை:
அதே சட்டத்தின் 3(டி) பிரிவைப் பற்றி நான் சேர்க்கிறேன். தெரிந்த பொருளின் உப்பு, படிக வடிவம், ஐசோமர் (அதே அணுக்கள், வேறு அமைப்பு), துகள் அளவு ஆகியவற்றுக்குக் கூடுதல் பயன்திறன் காட்டாமல் காப்புரிமை கிடையாது. இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கான விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அதை உறுதி செய்தது. உடலில் சேரும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்று விண்ணப்பித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் காட்டியது. அதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. எனவே கரைதிறன், நிலைத்தன்மை, ஈரம் உறிஞ்சாமை என்று விண்ணப்பம் அடுக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, இது சிகிச்சைப் பயன் இல்லை என்று தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். மொத்தமாக '3(டி) பொருந்தும்' என்று ஒரு வரி எழுதுவது வீண்.

காசநோய் மருந்தான பெடாகுயிலினின் ஃப்யூமரேட் உப்புக்கான விண்ணப்பம் 2023 மார்ச்சில் விழுந்தது. எதிர்த்தவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்களும் இருந்தார்கள். 25(1)-இல் யார் வேண்டுமானாலும் மனு போடலாம் என்பதன் பலன் அது. இந்தக் கதவு ஒருநாளும் அடைபடக் கூடாது.

நோயாளிகள் சங்கத் தன்னார்வலர், கோவை:
எதிர்க்க வேண்டிய விண்ணப்பத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே! தலைப்பில் மருந்தின் பெயர் இருக்காது. மருந்துக் காப்புரிமைகளைத் தொகுத்துத் தரும் மெட்ஸ்பால் தளத்தில் மருந்துப் பெயரைப் போட்டு இந்திய விண்ணப்ப எண்ணை எடுங்கள், பிறகு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான இன்பாஸில் நிலையைப் பாருங்கள். விண்ணப்பம் வெளியாகி 6 மாதம் வரை காப்புரிமை தர மாட்டார்கள். அதன்பின் எந்த நாளும் தரலாம். அத்தோடு 25(1)-இல் எதிர்க்கும் வாய்ப்பு முடிந்தது. இந்த எதிர்ப்பு மனுவுக்கான படிவம் 7ஏ-வுக்கு 2024 வரை கட்டணம் இல்லை, இப்போது உண்டு. சாட்சியப் பிரமாணப் பத்திரம், ஆவண நகல்கள் எல்லாம் மனுவோடே போகட்டும்.

காப்புரிமை முகவர், சென்னை:
ஒன்று விட்டுப்போனது. இந்த மனு தோற்றால் மேல்முறையீடு இல்லை. காப்புரிமை வழங்கிய அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள் 25(2)-இல் மறுபடி எதிர்க்கலாம், ஆனால் அதற்கு நீங்கள் 'அக்கறை உள்ளவர்' என்று காட்ட வேண்டும்.

பொதுநல வழக்கறிஞர், திருச்சி:
விலையைப் பேச வேண்டிய இடம் 84-ஆம் பிரிவு, கட்டாய உரிமம்: காப்புரிமைதாரர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் மருந்தைத் தயாரிக்க அரசு தரும் அனுமதி. காப்புரிமை தந்து 3 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். புற்றுநோய் மருந்தான சோராஃபெனிப் 120 மாத்திரைக்குக் காப்புரிமைதாரரான பேயர் வாங்கியது சுமார் 2,80,000 ரூபாய். 2012 மார்ச்சில் உரிமம் பெற்ற நாட்கோ நிறுவனத்துக்கு நிர்ணயித்த விலை 8,880 ரூபாய். அங்கே வென்றது விலை மட்டுமல்ல, எத்தனை நோயாளிக்கு மருந்து போய்ச் சேர்ந்தது என்ற கணக்கும்தான். நீரிழிவு மருந்தான சாக்ஸாக்ளிப்டினுக்கு லீ ஃபார்மா நிறுவனம் உரிமம் கேட்டது 2016-இல் தள்ளுபடியானதற்குக் காரணம், எத்தனை பேருக்கு அந்த மருந்து தேவை என்ற ஆதாரமில்லை, அதே வகையில் வேறு மருந்துகளும் சந்தையில் இருந்தன. புற்றுநோய் மருந்தான டசாட்டினிபுக்கான மனு அந்தக் கட்டத்துக்கே போகவில்லை: காப்புரிமைதாரரிடம் முதலில் முறையாக உரிமம் கேட்க முயலவில்லை என்று 2013-இல் நிராகரித்தார்கள். உரிமம் கேட்டு எழுதிய கடிதம், வந்த பதில், அதற்கு நீங்கள் எழுதிய மறுபதில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கோர்த்து வையுங்கள். முயற்சிக்குச் சட்டம் பொதுவாகப் பார்க்கும் கால அளவு 6 மாதம்.