இரும்புச் சட்டியில் ஒரே பெரிய குக்கீ: நடுப்பக்கம் வெந்ததா, பச்சையா?

அடுப்படி ராணி: 25 செ.மீ. இரும்புச் சட்டியில் சாக்லேட் சிப் குக்கீ மாவை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, ஓடிஜி என்கிற சின்ன மின்சார அவனில் 175 டிகிரியில் வைத்தேன். 25 நிமிடத்தில் ஓரம் சிவந்துவிட்டது; சட்டியை அசைத்தால் நடு மட்டும் லேசாகத் தளும்பியது. அப்போதே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. இரும்பு பிடித்துவைத்த சூட்டில் வெளியே வந்த பிறகும் அடிப்பக்கம் வெந்துகொண்டேதான் இருக்கும்.

மொறுமொறு: அக்கா, தளும்புவது பச்சை மாவு. முட்டை மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம். 1930களில் மாசசூசெட்ஸில் தன் விடுதியில் ரூத் வேக்ஃபீல்ட் இந்தக் குக்கீயை உருவாக்கியபோது சின்னச் சின்னதாக, மொறுமொறுவென்றுதான் சுட்டார். நீங்கள் செய்தது அரைவேக்காட்டுக் கேக்.

அடுப்படி ராணி: பாலோ தண்ணீரோ ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை தம்பி, அது எப்படிக் கேக் ஆகும்? தெர்மாமீட்டரை நட்டநடுவில் குத்திப் பார்த்தேன், 80 டிகிரி. முட்டைக்கு 71 போதும். சர்க்கரையும் வெண்ணெயும் இவ்வளவு இருந்தால் சூட்டில் இளகித்தான் நிற்கும், ஆறினால் இறுகும். நடுவும் கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் ஓரத்தைக் கடிக்கப் பல் வேண்டுமே!

தோசைக்கல் தாத்தா: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தச் சட்டி? வஞ்சிரம் வறுத்த சட்டி என்றால் வெண்ணெய் அந்த வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். இதற்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது. நீளக் கைப்பிடி இருந்தால் சின்ன ஓடிஜியின் கதவு மூடாது. இரண்டு காது வைத்த சட்டிதான் சரி. மேல்கம்பி பக்கத்திலேயே இருப்பதால் மேற்புறம் சீக்கிரம் கருகும். நிறம் வந்ததும் மேலே ஃபாயில் போடுங்கள்.

மொறுமொறு: 80 என்றால் சரி, பச்சை என்று இனி சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு இது குக்கீ இல்லை. எங்கள் வீட்டில் இதைச் செய்தால் ஆளுக்கொரு கரண்டியோடு நடுவில் ஐஸ்கிரீமைப் போட்டுத் தோண்டுகிறார்கள். துண்டு போடவே வழியில்லை.

அடுப்படி ராணி: சுடச்சுட வெட்டினால் குழையத்தானே செய்யும்? கால் மணி நேரம் விட்டு பீட்சா மாதிரி முக்கோணமாக வெட்டுங்கள், எல்லார் துண்டிலும் ஓரமும் வரும், நடுவும் வரும்.

மொறுமொறு: கால் மணி நேரமா? எங்கள் வீட்டிலா?

தோசைக்கல் தாத்தா: சட்டியை மேசைக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே வைத்து வெட்டு தம்பி. காதில் துணி சுற்றிப் பிடி, அப்போதும் சுடும்.