ஆங்கில ஆசிரியராக வர எது சரியான பாதை: கல்வியியற் கல்லூரியா, எச்.என்.டி.ஈ.யா, ஒன்லைன் சான்றிதழா?

கேள்வி (களுவாஞ்சிகுடி)

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி: ஒரு பி, இரண்டு சி. சாதாரண தரத்தில் ஆங்கிலம் பி, உயர்தரப் பொது ஆங்கிலமும் சித்தி. கம்பஸுக்கு இசற்புள்ளி காணாது. ஒரு ரியூசன் சென்டரில் தரம் 6, 7 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன், இதையே தொழிலாக்க விருப்பம்.

பேஸ்புக்கில் "120 மணித்தியால டெசோல், சர்வதேச அங்கீகாரம், வீட்டில் இருந்தே முடிக்கலாம்" என்று, பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஒன்லைன் சான்றிதழ் ஒன்றின் விளம்பரம் வருகிறது. அதை முடித்தால் அரச பாடசாலையில் எடுப்பார்களா? கல்வியியற் கல்லூரி, எச்.என்.டி.ஈ., திறந்த பல்கலைக்கழகம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பின்னாளில் மாலைதீவு, கட்டார் பக்கம் போகும் எண்ணமும் உண்டு. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில் 1 (ஆசிரிய ஆலோசகர், அக்கரைப்பற்று)

தங்கச்சி, அந்த ஒன்லைன் சான்றிதழால் அரச ஆசிரியர் சேவைக்குள் நுழைய முடியாது. இலங்கை ஆசிரியர் சேவைக்கு எந்தத் தகுதி செல்லும் என்பதைச் சேவைப் பிரமாணக் குறிப்பும் அந்தந்த வர்த்தமானி அறிவித்தலும்தான் தீர்மானிக்கின்றன. விளம்பரத்தில் போட்டிருக்கும் "சர்வதேசம்" அங்கே எடுபடாது.

உங்கள் பெறுபேற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது தேசிய கல்வியியற் கல்லூரி. மொத்தம் மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. முடித்தால் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா, அதன் பிறகு ஆசிரியர் நியமனம். நம்ம பக்கம் தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் ஆங்கில நெறிக்கு உங்களை எந்தக் கல்லூரிக்கு எடுப்பார்கள் என்பதை அந்த வருட வர்த்தமானியில் பாருங்கள், வெளி மாவட்டத்துக்கும் போக வேண்டி வரலாம். பலர் சறுக்குவது விண்ணப்பத்தில்தான். ஒவ்வொரு நெறிக்கும் சாதாரண தரத்தில் கேட்கும் பெறுபேறு வேறு. நெறிகளை விருப்ப ஒழுங்கில் போடும்போது ஆங்கிலத்தைக் கீழே போட்டுவிட்டு, பிறகு மாற்றித் தரச் சொல்லி அலைவதில் பலன் இல்லை. வயதெல்லையும் உண்டு, ஆகவே "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது எச்.என்.டி.ஈ., அதாவது உயர் தேசிய ஆங்கில டிப்ளோமா. மட்டக்களப்பில் உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தில் படிக்கலாம். சம்மாந்துறையிலும் ஒரு நிறுவகம் உண்டு. எந்த இடத்தில் எந்தப் பாடநெறி, முழுநேரமா பகுதிநேரமா என்பதை அந்த வருட அறிவித்தலில் பாருங்கள். இதில் ஆங்கிலம் நன்றாகத் தேறும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எச்.என்.டி.ஈ. முடித்தவர்களை ஆங்கில ஆசிரியர்களாக அரசு சேர்த்தும் இருக்கிறது. ஆனால் அது அவ்வப்போது வெற்றிடம் பார்த்து வரும் ஆட்சேர்ப்பு. கல்வியியற் கல்லூரியைப் போல படிப்புக்குப் பிறகு நியமனம் என்று நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது பட்டம். பட்டதாரிகளை ஆசிரியர் சேவையின் 3 ஆம் வகுப்பு 1 (அ) தரத்துக்கு எடுப்பார்கள். மாகாணப் பாடசாலைகளுக்கான ஆட்சேர்ப்பு கிழக்கு மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவின் ஊடாக, தேசியப் பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சின் ஊடாக. இரண்டு அறிவித்தலையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த கலைமாணிப் பட்டம் இருக்கிறது, மட்டக்களப்பில் பிராந்திய நிலையமும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே இருக்க விடமாட்டார்கள். ஒப்படைகளைக் கடைசி வாரத்தில் எழுதி அனுப்புகிறவர்கள் அதில்தான் வருடத்தை இழக்கிறார்கள்.

பட்டத்தோடும் வேலை முடிவதில்லை. நியமனம் கிடைத்த பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா தேவைப்படும். மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம், திறந்த பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகம் எல்லாம் அதை நடத்துகின்றன.

முதல் நியமனம் களுவாஞ்சிகுடியிலேயே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆங்கில ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பாடசாலைகள் மட்டக்களப்பு மேற்கு வலயத்திலும், கல்குடா வலயத்தில் வாகரைப் பக்கமும்தான் கூட. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலை ஆசிரியரை விட்டால் ஆங்கிலத்துக்கு வேறு ஆள் இல்லை. மனமுவந்து போக முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (கல்முனை, வயதுவந்தோருக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்)

முந்தைய பதிலில் அரச பாதை தெளிவாக வந்துவிட்டது. நான் வெளிநாட்டுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

"120 மணித்தியாலம்" என்ற எண்ணே, கேம்பிரிட்ஜ் வழங்கும் ஆங்கில ஆசிரியர் சான்றிதழான செல்டாவைப் பார்த்துப் போட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. செல்டாவிலும் குறைந்தது 120 மணித்தியாலம் உண்டு. ஆனால் அதில் 6 மணித்தியாலம் உண்மையான மாணவருக்கு முன்னால் நின்று, பயிற்றுநர் பின்னால் இருந்து பார்த்துக் குறிப்பெழுத, பாடம் எடுக்க வேண்டும். இரண்டு வேறு மட்டத்து வகுப்புகளுக்கு எடுக்க வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களின் பாடங்களை 6 மணித்தியாலம் அவதானிக்க வேண்டும். எழுத்து ஒப்படைகள் நான்கு. முழுநேரமாக என்றால் நான்கைந்து வாரம், வேறு வேலை எதையும் பக்கத்தில் வைத்திருக்க முடியாது. லண்டன் ட்ரினிட்டி கல்லூரி வழங்கும் சேர்ட் டெசோல் சான்றிதழும் இதே மட்டம்தான், அதிலும் 6 மணித்தியாலக் கற்பித்தல் உண்டு. இரண்டும் இங்கிலாந்துத் தகைமைச் சட்டகத்தில் 5 ஆம் மட்டம்.

ஆகவே விளம்பரக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அவதானிக்கப்படும் கற்பித்தல் எத்தனை மணித்தியாலம்? அதை மதிப்பிடுபவரின் தகுதி என்ன? சான்றிதழை வழங்கும் நிறுவனத்தை வெளியிலிருந்து யார் மேற்பார்வை செய்கிறார்கள்? முதல் கேள்விக்கே "வீடியோ பார்த்தால் போதும்" என்று பதில் வந்தால் காசைக் கட்ட வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல இலக்கண நூல் இரண்டும், ஆசிரியருக்கான ஆங்கில அகராதி ஒன்றும் வாங்கலாம்.

கை செலவுக்கு ஏற்ற ஒன்று கேம்பிரிட்ஜின் ரி.கே.ரி., அதாவது கற்பித்தல் அறிவைச் சோதிக்கும் பரீட்சை. மூன்று அடிப்படைப் பகுதிகள். ஒவ்வொன்றும் 80 கேள்வி, 80 நிமிடம். சித்தி, சித்தியின்மை என்று இல்லை, 1 முதல் 4 வரை தரநிலை (பேண்ட்) தருவார்கள். கற்பித்தல் செயன்முறை இதில் இல்லாதபடியால் செல்டாவுக்கு இது ஈடாகாது. ஆனால் பாடத்திட்டமிடல், பிழை திருத்தல் போன்றவற்றின் சொற்களும் கருத்துகளும் பிடிபடும்.

கட்டார் போன்ற நாடுகளில் பாடசாலை வேலைக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள், செல்டா அதோடு மேலதிகம்தான். பட்டச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். பெயரின் எழுத்து பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பெறுபேற்றில் வேறுவிதம், கடவுச்சீட்டில் இன்னொருவிதம் என்று இருந்தால் அங்கேதான் இழுபடும். இப்போதே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தனியார் நிறுவனத்தில் பட்டம் படிப்பதென்றால், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பதிவுக்கு முன் கேளுங்கள், பிறகல்ல.

பதில் 3 (சம்மாந்துறை)

சான்றிதழ் பற்றிப் பேசியாயிற்று. நேர்முகப் பரீட்சையில் சின்னப் பாடம் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லும்போது நல்ல பெறுபேறு உள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே: "டென்சஸ்" என்று முழுக் கடலையும் எடுத்துக்கொண்டு, வரைவிலக்கணத்தைப் பலகையில் எழுதித் தமிழில் விளக்கத் தொடங்குவது.

ஒரே ஒரு சின்ன இலக்கை எடுங்கள். தரம் 6 என்றால் "ஹீ கோஸ், ஷீ வோக்ஸ்" என்பதில் வரும் அந்த எஸ் போதும். ஒரு மீனவரின் ஒரு நாளைப் படமாகக் காட்டி நான்கு வசனம் வாயால் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், திருப்பிச் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் பலகையில் எழுத்து. "ஐ கோ" பக்கத்தில் "ஹீ கோஸ்", வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கடைசியில் இருவர் இருவராகத் தங்கள் வீட்டில் ஒருவரின் நாளைச் சொல்லவேண்டும். ஒரு பாடவேளையில் பிள்ளைகள் பேசுவது பாதிக்கு மேல் இருந்தால் பாடம் சரி.

"அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் "யெஸ்" என்றுதான் சொல்லும். விளங்கியதா என்று பார்க்கும் கேள்வி வேண்டும். "ஹீ கோஸ் டு சீ எவ்ரி டே" என்று படிப்பித்தால்: இன்று மட்டும் போகிறாரா, தினமுமா? நாளைக்கும் போவாரா? ஒற்றைச் சொல்லில் பதில் வரும்படி கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் பிழைகளுக்கென்று ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் மெய்யெழுத்துகள் சேர்ந்து வந்தால் "இஸ்கூல்" என்று இகரம் ஒட்டும். எஃப் இருக்க வேண்டிய இடத்தில் பி வரும். ஏ, தி என்ற சுட்டுகள் விடுபடும். "ஃபோர் டூ இயர்ஸ்" என்பதை "சின்ஸ் டூ இயர்ஸ்" என்பார்கள். எந்தப் பிழை எந்த வகுப்பில் எத்தனை பேருக்கு என்று குறித்தால் அடுத்த வாரப் பாடம் அதிலிருந்தே கிடைக்கும். செல்டாவின் முதல் ஒப்படைகளில் ஒன்று மாணவரைப் பற்றியது, அதற்கும் இந்தக் கொப்பி உதவும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் பெரிய நன்றி. கல்வியியற் கல்லூரிக்குப் போனால் பட்டம் இல்லாமல் அப்படியே நின்றுவிடுமா?

பதில் 1 (ஆசிரிய ஆலோசகர்)

நிற்காது, தங்கச்சி. டிப்ளோமாவோடு நியமனம் பெற்று, சேவையில் இருந்தபடியே திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்தின் கல்விமாணி நெறியிலோ பட்டம் எடுக்கலாம். சம்பளமும் வரும், வகுப்பறை அனுபவமும் சேரும். உங்கள் நிலைக்கு இந்த ஒழுங்கைத்தான் சொல்வேன். வர்த்தமானி வரும் வரைக்கும் உயர்தர, சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் ஓடித்திரிய வேண்டி வராது.